பேத்தியைக் கேட்டுப் போட்ட அப்பீல்

1

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றதற்கு மதிப்புத் தெரியும். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தில் நூல் மூட்டை சுமந்தவன் இன்று இங்கிலாந்தில் இட்லி மாவு வியாபாரம் செய்கிறேன். இந்தக் குளிரில் மாவு பொங்காது என்று வந்த புதிதில் எல்லோரும் சொன்னார்கள். பழைய கார் ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஹீட்டரை வைத்து, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்துப் பொங்க வைத்தேன். இன்று சொந்தக் கட்டடம். வரிசையாகக் கிரைண்டர்கள். குளிர்வண்டிகள் என் மாவை ஏற்றிக்கொண்டு நாலு ஊருக்குப் போகின்றன. பட்டதாரிகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

வீடு இங்கே ஒன்று, ஊரில் ராஜபாளையம் ரோட்டில் ஒன்று. அக்கா மக்கள் இருவரை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். இங்கே நம் ஆட்கள் பொங்கலுக்கு ஒன்றுகூட ஒரு இடம் இல்லாமல் இருந்தது. பள்ளிக்கூட ஹால் ஒன்றைக் கேட்டு வாங்கி, முதல் பொங்கலை நான்தான் வைத்தேன். தீ அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வந்தவர்களுக்கும் பொங்கல் கொடுத்து அனுப்பினேன். யார் துணையும் இல்லாமல், பாஷை தெரியாமல், இத்தனையும் செய்தது நான். பெருமை பேசுகிறான் என்பீர்கள். பெருமைதான். பேசுகிறதற்கு இருக்கிறது, பேசுகிறேன்.

இத்தனையும் செய்தவனுக்கு ஒரு பெண் குழந்தையை வளர்க்கத் தகுதி இல்லை என்று ஒரு கோர்ட்டு சொல்லிவிட்டது. மேல் கோர்ட்டும் அதை ஆமோதித்தது. எங்கள் ஊர்க் கோவிலின் இந்த ஆடித்தபசுத் திருவிழாவோடு ஒரு வருஷம் ஆகிறது. திருவிழாவுக்குப் போடும் தபசு மலருக்கு ‘வெளிநாட்டு வாழ்க்கை’ பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணாச்சி என்று ஊரிலிருந்து கேட்டார்கள். பனி, ரயில், ராணி வீடு என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். என் வெளிநாட்டு வாழ்க்கை இதுதான்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் யார் பெயரும் வெளியே வரக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் பேத்தியைப் பாப்பா என்றும், மகளை மகள் என்றும், மனைவியை எங்கள் ஊர் அம்மன் பெயரில் கோமதி என்றும் எழுதுகிறேன். நம்மூர்க்காரர்களுக்கு யார் என்று தெரியாமலா போகும்.

2

சமையல்காரனாக ஒரு ஓட்டலுக்குத்தான் நான் முதலில் இந்த நாட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷம் என் மனைவி கோமதியும் வந்தாள். ஓட்டல் மாடியில் ஒரே அறையில் எங்களோடு இன்னும் இரண்டு குடும்பம். அங்கே பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்ள? பையனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. இரண்டு பேரையும் கரிவலம்வந்தநல்லூரில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். சிங்கப்பூர் போனவர், துபாய் போனவர் எல்லோரும் அப்படித்தான் விட்டுப் போனார்கள். கூடப் பிறந்தவள் வளர்த்தால் அது வேறு வீடா? நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டபோது மகளுக்குப் பதின்மூன்று வயது.

அவள் சீக்கிரம் இங்கிலீஷ் பிடித்துக்கொண்டாள். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் ஒன்று கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை வரும், பிறகு கதவு சாத்துகிற சத்தம் வரும். படித்தாள், வேலைக்குப் போனாள், ஒருவனோடு தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். அவன் எந்த நாட்டுக்காரன், என்ன நிறம் என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கை நீட்டுகிறவன், அதுதான் விஷயம். பாப்பா பிறந்த பிறகும் அடி நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். இவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், கோமதி ஒத்தடம் கொடுப்பாள், ஒரு வாரத்தில் மறுபடி அவனிடமே போய்விடுவாள்.

பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீசிலிருந்து வந்து, அவனை விடு, இல்லாவிட்டால் குழந்தையை நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லி, அவளிடம் எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகும் ஒரு நாள் அவன் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சொன்னது அப்புறம்தான்.

நம்மூரில் இந்த மாதிரி ஆனால் பிள்ளை சித்தி வீட்டுக்குப் போகும், மாமன் வீட்டுக்குப் போகும். நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். இங்கே கோர்ட்டு பேசும். தாயிடம் திருப்பிக் கொடுக்கலாமா, சொந்தக்காரர் யாரிடமாவது கொடுக்கலாமா என்று பார்க்கும். இரண்டும் இல்லை என்றால் தத்துக் கொடுத்துவிடும். நம்மூர்த் தத்து மாதிரி அல்ல. புதுப் பெயர், புது அப்பா அம்மா. எந்த ஊர் என்றுகூடப் பழைய சொந்தத்துக்குச் சொல்ல மாட்டார்கள். அவள் நம்மைத் தெருவில் கடந்து போனாலும் நமக்குத் தெரியாது.

மகளிடம் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது. ஆகவே நான் எழுந்து நின்றேன். பாப்பாவை எங்களிடம் கொடுங்கள் என்றேன்.

3

கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆளை எடை போடுவார்கள். பல தடவை வருவார்கள். வந்தவள் ஒரு சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். கூடவே மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. எனக்குக் கடை இங்கிலீஷ் வரும், கோர்ட்டு இங்கிலீஷ் வராது.

பாப்பாவுக்கு ஒதுக்கிய அறையைக் காட்டினேன். கட்டில், அலமாரி, ஜன்னலுக்குப் பூட்டு, மாடிப்படிக்குக் கதவு. எழுதிக்கொண்டாள். மாவு ஆலையைக் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். கோமதி தோசை ஊற்றிக்கொண்டு வந்தாள். தண்ணீர் மட்டும் போதும் என்றாள். பிறகு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். யாழ்ப்பாணத்து அம்மா சொன்னார்:

“அண்ணை, உங்கட பிள்ளையள் சின்னனிலை அழுதால் நீங்கள் என்ன செய்வியள் எண்டு கேக்கிறா.”

“என் பிள்ளைக அழுது நான் பாத்ததே கிடையாது” என்றேன்.

“ஒருநாளும் இல்லையோ?”

“அதான் சொல்லுதேனே. நாங்க ரெண்டு பேரும் இங்கன. பிள்ளைக எங்க அக்கா வீட்டுல, கரிவலத்துல. ஒம்பது வருசம். ஒரு குறை வைக்கல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவேன். மக வந்து ‘நல்லா இருக்கேன்பா’ன்னு சொல்லும், வச்சிரும்.”

அந்த அம்மா மொழிபெயர்க்காமல் என் பக்கம் திரும்பினார். 

“அண்ணை, இதை அப்பிடியே சொல்லட்டோ? வேறை ஏதும் சேர்த்துச் சொல்ல விருப்பமெண்டா இப்ப சொல்லுங்கோ.”

“அப்படியே சொல்லுங்க தாயி. ஒரு எழுத்து விடாதீங்க. எத்தனை பேரு பிள்ளையையும் விட்டுட்டு, பணமும் அனுப்பாம இருந்தான். நான் அப்படி இல்லைங்கதையும் சேத்துச் சொல்லுங்க.”

சொன்னார். அந்தச் சின்னப் பெண் வெகு நேரம் எழுதினாள். நல்லது, நிறைய எழுதுகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோமதி மட்டும் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

4

எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. ஆலை வேலை அதிகாலையில் தொடங்குகிறது. இதைக் காரணம் காட்டி இழுத்தடிப்பார்கள் என்று எங்கள் வக்கீலம்மா எச்சரித்தார். அவர் மதுரைக்கார டாக்டர் ஒருவரின் மகள். இங்கேயே பிறந்தவர், ஆனாலும் நல்ல தமிழ் பேசுவார். அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது என்றேன். சங்கரன்கோவிலில் என் வீடு சும்மாதானே கிடக்கிறது. ஆலையைப் பையனிடம் விட்டுவிட்டு, நானும் கோமதியும் ஊரிலேயே போய் உட்கார்ந்து பாப்பாவை வளர்க்கிறோம். கோர்ட்டுக்கு அதையும் எழுதிக் கொடுத்தோம். பையன் வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மாவு வாசனை அவனுக்கு ஆகாது. இருந்தாலும் அப்பா நீங்க போங்க, பாத்துக்கலாம் என்றான். அந்த அளவுக்காவது சொன்னான்.

ஊருக்கு வந்து வீட்டைத் தயார் செய்தேன். மொட்டை மாடிக்குக் கம்பி அடைத்தேன், கிணற்றுக்கு மூடி போட்டேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடம், அங்கே இடம் உண்டு என்று எழுதி வாங்கினேன். வீடு என்னுடையதுதான், நான் யோக்கியன்தான் என்று சர்க்கார் சான்று ஒன்று வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிராம நிர்வாக ஆபீசுக்குப் போனேன். அங்கே உதவியாளர் எனக்குத் தெரிந்த பையன்தான்.

“எதுக்கு அண்ணாச்சி சான்று?”

“பேத்திய வளக்கதுக்கு.”

“யாரு பேத்திய?”

“என் பேத்தியத்தான்.”

“ஒங்க பேத்திய நீங்க வளக்கதுக்கு நான் சான்று தரணுமா?” அவன் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டான். “என்னவே, இப்படி ஒரு சான்று நம்மகிட்ட உண்டா?”

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “வாரிசுச் சான்று இருக்கு. ஆனா அதுக்கு யாராவது செத்திருக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கடைசியில் இருப்பிடச் சான்று ஒன்று போட்டுக் கொடுத்தான். “சீமையில பிள்ளைய அரசாங்கமே தூக்கிட்டுப் போயிருமாமே, நெசமா அண்ணாச்சி?” என்று வாசல்வரை கூட வந்து கேட்டான். நான் சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் ஊரில் இருந்தபோதே அக்காவிடமும் பேச வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து வீடியோவில் வந்தார்கள். நம்மூரில் பிள்ளைக்குத் துணை யார், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டுமாம். அக்காவைக் கரிவலத்திலிருந்து காரில் அழைத்து வந்தேன். புதுச் சேலை கட்டியிருந்தாள். செம்பில் போனைச் சாய்த்து வைத்தேன். அதே சின்னப் பெண், அதே யாழ்ப்பாணத்து அம்மா. தம்பி மகளை வளர்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அக்காவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

“வந்த புதுசுல பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடும்மா. அம்மா வந்துட்டான்னு. பஸ்சு போன பொறவும் அங்கனயே நிக்கும், சோறு உண்ண வராது. ஒரு ஆறு மாசம் அப்படிக் கெடந்துச்சு. பொறவு அதுவா நிறுத்திட்டு. அதுக்கப்புறம் அந்த மாதிரிப் பிள்ளைய ஊருல பாக்க முடியாது. வச்ச எடத்துல இருக்கும். அம்மா எங்க, அப்பா எங்கன்னு ஒரு வார்த்தை கேக்காது. இது வேணும், அது வேணும்னு கேக்காது. தம்பி மக எங்க இருக்கான்னே வீட்டுல தெரியாது, அவ்வளவு அமைதி.”

நம்மூரில் ஒரு பிள்ளையைப் பாராட்ட இதைவிட என்ன சொல்ல முடியும்? பேசி முடித்ததும் “சரியாச் சொன்னனாலே?” என்றாள். “பிரமாதமாச் சொன்னே” என்றேன். கோவிலுக்குக் கூட்டிப் போய், பாப்பா பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்தோம்.

5

அந்தச் சின்னப் பெண் எழுதிய அறிக்கையைக் கோர்ட்டில் வாசித்தார்கள். அறையைப் பற்றி, கிணற்று மூடியைப் பற்றி ஒரே வரி. மீதியெல்லாம் என் வாயிலிருந்தும் அக்கா வாயிலிருந்தும் வந்தது. தன் பிள்ளைகள் அழுவதைப் பார்த்ததே இல்லை என்று தாத்தா பெருமையாகச் சொன்னார். நாலு வயதுக் குழந்தை பஸ்சுக்கு ஓடியதையும், பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டதையும் அத்தை நல்ல குணமாகச் சொன்னார். பிரிவு ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பது இந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கப்பட்ட பாப்பாவை இவர்களிடம் கொடுத்தால், அவள் அழுதாலும் இவர்களுக்குக் கேட்காது. இதுதான் சாரம். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கூட்டி எழுதவும் இல்லை. அதனால் எங்கள் வக்கீலம்மாவால் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

மகளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாட்சிக்குப் போடுகிற தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொன்னாள். இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

“ஏட்டி, எங்ககிட்டக் குடுக்க வேண்டாம்னா சொன்னே?”

“நான் அப்படிச் சொல்லலப்பா. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“என்ன கேட்டாங்க?”

“கரிவலத்துல எப்படி இருந்தேன்னு கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னேன்.”

“ஒம்பது வருசம் இருந்திருக்கே. எப்படி ஞாபகம் இல்லாமப் போகும்?”

“இல்லப்பா.” பேப்பர் கப்பைக் கசக்கினாள். “நெசமாவே ஒண்ணுமே இல்ல.”

“நான் அனுப்பின கவுனு, சைக்கிளு?”

“சைக்கிள் இருந்துச்சு. செவப்பு.” கொஞ்சம் யோசித்தாள். “அது மேல பிளாஸ்டிக் சுத்தியே இருந்துச்சு. அழுக்காயிரும்னு அத்தை பிரிக்க விடல.”

உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. பாப்பா தத்துக்குப் போகிறாள்.

இதைப் படிக்கிறவர்கள், இந்த மனுஷன் இப்போது தன் தப்பை ஒத்துக்கொள்வான் என்று காத்திருக்கலாம். ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளை அக்காவிடம் விட்டதால்தான் அவர்களுக்குச் சோறும் படிப்பும் கிடைத்தது. ஓட்டல் மாடியில் அந்த ஒரே அறையில் வைத்திருந்தால், இதே ஆபீஸ்காரர்கள் அன்றைக்கே வந்து தூக்கிப் போயிருப்பார்கள். விட்டாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். எங்களைப் போல வந்தவர்கள் எதைச் செய்திருக்க வேண்டும் என்று அந்த நீதிபதியைக் கேட்க எனக்கு ஆசை. கேட்கிற உரிமை அங்கே அவருக்கு மட்டும்தான்.

6

அப்பீல் என்றதும் நம்மூர் ஆள் என்ன நினைப்பான்? மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லலாம், இந்தத் தடவை திருத்திச் சொல்லலாம் என்று நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வக்கீலம்மா கை விரித்தார்.

“அப்பீல்னா மறுபடி விசாரணை இல்ல, அங்கிள். கீழ இருந்த ஜட்ஜ் தப்புப் பண்ணிட்டாரான்னு மட்டும்தான் பார்ப்பாங்க.”

“பண்ணிட்டாரே.”

“உங்களுக்குப் பிடிக்காத முடிவு வேற, தப்பான முடிவு வேற. அவர் எல்லாத்தையும் கேட்டிருக்கார். காரணம் எழுதியிருக்கார். வேற ஒரு ஜட்ஜ் வேற மாதிரி முடிவு பண்ணியிருக்கலாம்கிறது மட்டும் போதாது.”

“நான் சொன்ன விதம்தான் தப்பாப் போச்சு. அக்காவுக்கும் சொல்லத் தெரியல. அதத் திருத்திச் சொல்லுதேன்.”

“அதுக்கு இடம் இல்ல அங்கிள்.” அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்பீல் போட வேண்டாம்னு சொல்லல. ஆனா இது ஜெயிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிக் காசு வாங்க எனக்குப் பிடிக்கல.”

பையனுக்குப் போன் செய்தேன். “விடுங்கப்பா. அவ அங்க நல்லாத்தான் இருப்பா. நம்மகூட இருந்தவங்க எல்லாரும் என்ன பெரிசா நல்லா இருந்துட்டாங்க” என்றான். இன்னொரு போன் வருகிறது என்று வைத்துவிட்டான். அவன் சொன்னது அன்றிலிருந்து என் காதில் இருக்கிறது. எந்த நேரத்திலும் கேட்கிறது.

போடுங்கள் என்றேன். இவ்வளவு நாளுக்குள் போட வேண்டும் என்று கெடு இருந்தது, அதற்குள் போட்டார். முதலில் காகிதத்தைப் பார்த்தே முடியாது என்று எழுதிவிட்டார்கள். நேரில் வந்து ஒருமுறை கேட்கலாம் என்று ஒரு வழி இருந்தது, அதையும் கேட்டோம். தேதி கொடுத்தார்கள். மேல் கோர்ட்டு என்றால் வேறு பெரிய ஊரில், பெரிய தூண் வைத்த கட்டடத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதே கட்டடத்தில் மேல்மாடி. லிப்டில் ஒரு தளம். கீழே எங்களைத் தோற்கடித்த நீதிபதி அதே நேரம் கீழே வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். ஊர் வீட்டின் படங்கள், பள்ளிக்கூடத்தின் கடிதம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தது. அக்காவும் மறுபடி பேசி அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை, பிள்ளை அழுதபோதெல்லாம் மடியில் போட்டுத் தேற்றினேன் என்று சொல்லியிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. வக்கீலம்மா அதை வெளியே எடுக்க வேண்டாம் என்றார். பை என் மடியிலேயே இருந்தது.

மேல்மாடி நீதிபதி வயதானவர். முகத்தில் கடுப்பு இல்லை. என்னைப் பார்த்தே பேசினார். யாழ்ப்பாணத்து அம்மா என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

“இந்தத் தாத்தா ஒண்டும் இல்லாமல் வந்து, தன்ரை உழைப்பாலை பெரிய நிலைக்கு வந்தவர் எண்டு சொல்லுறார்.”

“ஆமா.”

“தாத்தாவின்ரை அன்பிலை சந்தேகம் இல்லை எண்டு சொல்லுறார்.”

“சரி. பொறவு?”



“‘ஆனால்’ எண்டு தொடங்கியிருக்கிறார், அண்ணை.”

கீழே தப்பு எதுவும் நடக்கவில்லை என்றார். அப்பீலுக்கு அனுமதி இல்லை. இதற்கு மேல் போக மாடியும் இல்லை.

7

கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள விட்டார்கள். அதுவரை செவ்வாய்க்கிழமைதோறும் அந்த ஆபீஸ் அறையில் பாப்பாவைப் பார்த்து வந்தோம். தரையில் ரப்பர் பாய், மூலையில் பொம்மை அடுப்பு. எல்லா நேரமும் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாள். அவளுக்குப் புரியாத பாஷையில் பேசக் கூடாது. அன்றைக்கு மொழிபெயர்ப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் இங்கிலீஷிலேயே பேசச் சொன்னார்கள். அழக் கூடாது. மறுபடி வருவோம், வீட்டுக்குக் கூட்டிப் போவோம் என்று சொல்லவே கூடாது. குழந்தை அதை நம்பிக் காத்திருக்குமாம்.

மகளுக்குத் தனி நாள் கொடுத்திருந்தார்கள். அவள் அதற்கு வரவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

பாப்பாவுக்கு அப்போது மூன்றரை வயது. முடியை வெட்டியிருந்தார்கள். பொம்மைக் கோப்பையில் எனக்கு டீ கொடுத்தாள். குடித்தேன். கோமதிக்கும் கொடுத்தாள். கோமதிக்கு இங்கிலீஷில் மூன்று வார்த்தைதான் தெரியும். அந்த மூன்றையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் குட் கேர்ள் என்றேன். நல்லா சாப்பிடணும் என்பதை ஈட் வெல் என்றேன். பயப்படாதே என்பதற்கு என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்துவிட்டது. கடைக்காரனிடம், பேங்கில், வரி ஆபீசில், இந்த நாட்டில் எங்கேயும் பேசி ஜெயித்தவன் நான். அந்த அறையில் எனக்குப் பேச்சு இல்லை.

கோட்டு மாட்டும்போது பாப்பா என்னைப் பார்த்து, டியூஸ்டே வருவாயா என்று கேட்டாள். அவளுக்குக் கிழமை தெரியும், கெட்டிக்காரி. நாற்காலிக்காரப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பாப்பாவின் ஷூ வாரைப் பிரித்தேன், திரும்பக் கட்டினேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மற்றக் காலையும் பிரித்துக் கட்டினேன். டியூஸ்டே, என்று மறுபடி கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. அவளை வைத்திருந்த வெள்ளைக்கார அம்மா கை நீட்டினாள், பாப்பா பிடித்துக்கொண்டு போனாள்.

பாப்பா கேட்பதை நிறுத்தியதைப் பார்த்த பிறகு, மகளைப் பற்றி அக்கா சொன்னது எப்படிப்பட்ட சங்கதி என்று கோமதி எனக்குக் காரில் வைத்துச் சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

8

இப்போதும் அதிகாலையில் ஆலையைத் திறக்கிறேன். அரிசி ஊறுகிறது, கிரைண்டர் ஓடுகிறது. கோமதி ஆலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. பாப்பா எங்கே என்று சொல்ல மாட்டார்கள். தள்ளுவண்டியில் கறுத்த முடிக் குழந்தை எது போனாலும் வண்டியை நிறுத்திவிடுகிறேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்.

போன மாதம் ஆபீசிலிருந்து போன் வந்தது. தத்துப் போன பிள்ளைக்கு, பெரியவளானதும் படிக்க ஒரு கடிதம் எழுதி வைப்பார்களாம். நீ எங்கே பிறந்தாய், ஏன் வேறு வீட்டுக்குப் போனாய் என்று விவரம் சொல்லும் கடிதம். அதோடு வைக்க எங்கள் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பேசிய பெண் சுருக்கமாகச் சொன்னாள். எங்கள் ஆலையில் வேலை பார்க்கும் பட்டதாரிப் பெண்ணை விட்டு அதைத் தமிழில் சொல்லக் கேட்டேன். உன் தாய்க்கு உன் மேல் பாசம், ஆனால் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. குடும்பத்தில் பார்த்துக்கொள்ளக்கூடியவர் வேறு யாரும் இல்லை. அதனால் உனக்குப் புது அப்பா அம்மா கிடைத்தார்கள்.

“வேற யாரும் இல்லைன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்கச் சொன்னேன். “நான் யாரு?”

தகுதியானவர் யாரும் இல்லை என்பதைத்தான் குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறோம் என்றாள் ஆபீஸ்காரி. கோர்ட்டு, அப்பீல் எல்லாம் பிள்ளைக்குக் குழப்பம் தரும் என்றாள். நான் கேட்டதைச் சேர்த்து எழுதச் சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். நான் தோற்றவன். அதை எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தகுதி இல்லாதவன் என்று கோர்ட்டு சொன்னதையும் எழுதட்டும். வாயைக் கொடுத்து நானே கெடுத்தேன் என்று எழுத வேண்டுமானால் அதையும் எழுதட்டும். ஆனால் யாரும் இல்லை என்று எழுதக் கூடாது. நீ வேண்டும் என்று ஒரு கிழவன் கேட்டான். கீழே கொடுக்க மாட்டேன் என்றபோது மேலே போய்க் கேட்டான். இந்த இரண்டு வரியை அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டும். நான் செய்ததில் மற்ற எதையும் யாரும் சொல்லாவிட்டால் போகட்டும். இதைச் செய்தது நான். இதை என் பேரில் எழுதுங்கள்.